அம்மாவுக்குப் பல் தேய்த்துவிட்ட பிரதர்

பிரதர் இறந்துவிட்டார்.

காலையில் ஐசியூ சிஸ்டர் ஒருவரின் ஸ்டேட்டஸில் பார்த்தேன். முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். போட்டோவில் மாஸ்க் இல்லை... அதனால் அடையாளம் தெரியவில்லை.

பத்து நாளுக்கு முன் பல்லாவரம் பக்கம் பைக் சறுக்கித் தலையில் அடி. அவர் வேலை பார்த்த அதே ஐசியூவில்தான் வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். தலைக்காயம் தேறி வந்ததாம். அதற்குள் நுரையீரலில் நிமோனியா.

அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டதே அந்த ஐசியூ வாசலில்தான்.

போன வருடம் அம்மாவுக்கு வலிப்பு வந்து நிற்கவே இல்லை. மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில் டியூப் போட்டு, மூன்றாம் பெட்டில் படுக்க வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒருவர், அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான் உள்ளே விடுவார்கள். அப்பாவுக்கு உள்ளே வரப் பயம். "நீ போ பாப்பா" என்று என்னைத்தான் அனுப்புவார்.

ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸை எல்லாரும் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது. நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஒரு வாரம் ஓட்டினேன்.

"இன்னாமா, உனக்குச் சத்தமே வராதா? உங்க அம்மா டியூப் போட்டுகினு உன்னவிட அதிகமா பேசுது" என்பார்.

முதல் நாள் நான் பார்த்தது... அவர் அம்மாவுக்குப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். கண்ணே திறக்காத அம்மாவிடம், "லேசா வாயத் தொறம்மா... அவ்ளோதான், அவ்ளோதான்... இந்தப் பக்கம் கடவாப்பல்லு ஒண்ணு பாக்கி" என்று பேசிக்கொண்டே.

வாயில் இருக்கும் கிருமி டியூப் வழியாக நெஞ்சுக்குள் இறங்கிவிடக் கூடாதாம். அதற்காக ஒவ்வொரு பெட்டுக்கும் அப்படிச் செய்வார். ஒவ்வொரு பெட்டிலும் பேசுவார். பதில் சொல்லும் நிலையில் அங்கே ஒருவர்கூட இல்லை.

பெட்டுக்குப் பெட்டு கை கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். பேசிக்கொண்டே இருப்பவர் திடீரென்று நிறுத்திவிட்டு ஆறாம் பெட்டுக்கு ஓடுவார். அவர் போய் நின்ற பிறகுதான் அங்கே அலாரம் அடிக்கும். நான் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதை அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அம்மா வீட்டில் தலையணை வைக்க மாட்டாள். அங்கே பெட்டின் தலைப்பக்கத்தை உயர்த்தியே வைத்திருந்தார்கள். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. மேலே ஒரு அட்டையில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது, எனக்குப் புரியவில்லை. யாரும் பார்க்காதபோது கால்மாட்டில் இருந்த கைப்பிடியைச் சுற்றி பெட்டை நேராக்கிவிட்டு வந்துவிட்டேன். அம்மா நிம்மதியாகத் தூங்குவாள் என்ற சந்தோஷம் எனக்கு.

அதிலிருந்து மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். ஐசியூவில் இருக்கும்போதே வருகிற நிமோனியா, ரெண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வெளியில் நின்ற ஒருவர், தலையைத் தாழ்த்தி வைத்தால் வயிற்றில் இருப்பது எதுக்களித்து நெஞ்சுக்குள் போய்விடும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் உள்ளே போனதும் அழுதுகொண்டே, "பிரதர்" என்றேன். முதல் தடவையாக.

"நான்தான் பெட்ட இறக்குனேன்."

"தெரியும்."

"எப்படி...?"

"நான் வந்து பாக்கறப்போ நேரா கீது. டாக்டர் இறக்க மாட்டாரு, சிஸ்டர் இறக்க மாட்டாங்க. பாசம் கீறவங்கதான் இறக்குவாங்க."

"என்னாலதானே வந்துச்சு?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சளி எடுக்கும் டியூபைக் கையில் எடுத்தார்.

"தெர்லமா. அதனால வந்திருக்கலாம். டியூப் போட்டாலே வர்றதுதான், அப்பிடியும் வந்திருக்கலாம். எங்க கையாலயும் வந்திருக்கலாம். யாருனு கண்டுபுடிக்க இப்ப டைம் இல்ல. சளிய எடுக்கணும். நவுரு."

நகர்ந்தேன். அழுகை நின்றுவிட்டது. ஏன் என்று இன்றும் தெரியாது.

மறுநாள் எல்லாப் பெட்டுக்கு மேலும் புது அட்டை. மார்க்கர் பேனாவில், பிரதரின் கோணல் எழுத்தில், தமிழில். 'தலையை இறக்காதீங்க. இப்படி இருந்தாத்தான் நெஞ்சுக்கு நல்லது.'

எட்டு நாள் கழித்து அம்மாவுக்கு டியூபை எடுத்தார்கள். அன்று பிரதருக்கு லீவ்.

இன்று அம்மாவும் நானும் அனகாபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போனோம். சந்து முனையில் இருந்த பேனரில்தான் பெயர் பார்த்தேன். கிருபாகரன்.

அந்த ஐசியூ சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு சொல்லிக்குடுத்த மாதிரியே அவருக்கு எல்லாம் பண்ணோம் பாப்பா. தலைய ஒரு நிமிஷம் இறக்கல. பல்லு தேச்சோம், பேசிக்கினே தேச்சோம்..." என்றார்.

சந்து நிறைய ஆட்கள். வாக்கர் பிடித்து ஒருவர். கழுத்தில் டியூப் போட்ட ஓட்டை மூடிய தழும்போடு ஒருவர். சொந்தக்காரர்களை விட அந்த ஐசியூவில் படுத்திருந்தவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவரும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்று முகத்தையே பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

அம்மாவும் அப்படித்தான் நின்றாள். அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்து, "அவர உங்களுக்கு நல்லா தெரியுமாக்கா?" என்று கேட்டார்.

"கொரலு தெரியும்மா. மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள் அம்மா.

இப்போது அம்மா என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள். மூச்சு சீராக வருகிறது.

போய் வாருங்கள் பிரதர்.