என்ஜின் சூடும் மாமாவின் இருமலும்

என் மாமா, அம்மாவின் தம்பி, சரக்குக் கப்பலில் ஆயிலர். என்ஜினுக்கு எண்ணெய் பார்ப்பதும், சத்தம் மாறினால் காதை நீட்டுவதும் அவர் வேலை. ஷிப்ட் முடிந்து வெந்த கிழங்கு மாதிரி மேலே வருவார்.

கொரோனா காலத்தில் ஒப்பந்தம் முடிந்தும் அவரால் இறங்க முடியவில்லை. எந்தத் துறைமுகமும் ஆட்களை உள்ளே விடவில்லை. அவர் கப்பல் ஏறிய பிறகு பிறந்த மகள் ஓடவே ஆரம்பித்துவிட்டாள். திரையில் தெரிந்த அப்பாவை அவள் "போன் மாமா" என்றாள். மனுஷன் அன்று சாப்பிடவில்லை.

கப்பலில் எல்லாருக்கும் கிலி. ஒருவர் தும்மினால் சாப்பாட்டு அறையே காலி. மாமாவும் பயந்தாங்கொள்ளிதான். என்னைக் கூப்பிட்டு, "மாப்ளே, நம்ம குடும்பத்துல முதல் டிகிரி நீதான். சொல்லு, இந்தக் கிருமி என்ஜின் சூட்டுல சாவுமா?" என்றார். நான் படித்தது வணிகவியல். பட்டத்தின் மானத்தைக் காப்பாற்ற, "எதுக்கும் மாஸ்க் போடுங்க மாமா" என்றேன்.

கப்பலில் ஒரே மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே எப்போதும் வரிசை. ஒருநாள் டீ புரையேறி மாமா இருமினார். முன்னால் நின்றவர்கள் மாயமாய் மறைந்தார்கள். அன்றிலிருந்து அத்தை ஞாபகம் வந்தாலே அவருக்கு இருமலும் வந்தது.

"யோவ், போன் வரிசையைப் பாத்தா மட்டும் எப்படிய்யா உனக்கு இருமல் வருது?" என்பார் சமையல்காரர், தூரத்தில் நின்றபடி.

ஒருவழியாக ஒரு துறைமுகம் சம்மதித்தது. கப்பலில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் ஒருவரும் இறங்கக்கூடாது என்பது நிபந்தனை. கரைக்குக் கூட்டிப்போகப் படகு வரும் நாள் காலை, மாமா கடைசியாக ஒரு பம்பைப் பார்த்துவிட்டு நேராக ஓடிவந்து நெற்றியை நீட்டினார். காய்ச்சல் பார்க்கும் கருவி முப்பத்தெட்டரை டிகிரி காட்டியது. காய்ச்சல் கணக்கு.

கருவியைப் பிடித்திருந்த சீஃப் ஆபீசர் துள்ளிப் பின்னால் போனார். "தினமும் இருமுறவன் நீதானே?"

"சார், இது என்ஜின் ரூம் சூடு சார்!"

"அப்ப இருமல்?"

மாமா திரும்பிச் சமையல்காரரைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் உதை. சொல்லாவிட்டால் மகளுக்கு அவர் என்றும் போன் மாமாதான்.

"அது... போன் வரிசைக்காக சார்."

பின்னால் கரண்டி விழும் சத்தம் கேட்டது.

"அடப்பாவி! உனக்குப் பயந்து என் பொண்டாட்டி பிறந்தநாளுக்கே பேசாம விட்டேனே!" என்று சமையல்காரர் பாய்ந்தார்.

"அடிக்காதீங்க, அடிச்சா சூடு இன்னும் ஏறும்" என்றார் சீஃப் ஆபீசர். "ஏசியில உக்கார வைங்க. மறுபடி பாக்கறேன். அப்பவும் சூடு இறங்கலன்னா யாருக்கும் வீடு இல்ல."

அவ்வளவுதான். பக்கத்தில் வர நடுங்கியவர்கள் மாமாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தட்டால் விசிறினார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு வசவு. மாமா அத்தனையையும் வாங்கிக்கொண்டு குளிர்ந்தார். மறுபடி பார்த்தபோது சூடு சரியான அளவுக்கு வந்திருந்தது. கரையில் எடுத்த பரிசோதனையிலும் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தும் பின்னறையில் தனிமை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மகள் நின்று முறைத்தாள். பிறகு, "அப்பா" என்றாள். அத்தைதான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மாமாவுக்குத் தொண்டை கமறியது.

"இருமுனீங்க, இன்னும் ரெண்டு வாரம் உள்ளதான்" என்றாள் அத்தை.

மாமாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பாசத்தில் அழுகிறார் என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். எனக்கென்னவோ, அடக்கிய இருமல் என்றுதான் பட்டது.