விற்காத ஈரல்

ஸ்கேன் படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததுமே கறிக்கடைக்காரருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. மனைவியின் ஈரலில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. ஆட்டு ஈரலில் இதே உருண்டையை எத்தனையோ தடவை பார்த்திருப்பதாக டாக்டரம்மாவிடம் சொன்னார்.

“அந்த மாதிரி ஈரல் வந்தா என்ன செய்வீங்க?”

“சத்தியமா வித்ததில்லைங்க. நாய்க்குத்தான் போடுவேன்.”

டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: அந்தக் கட்டியைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும். முட்டைகள் மலத்தோடு வெளியேறி ரோமத்தில் ஒட்டும். தடவிக்கொடுத்த கை வாய்க்குப் போனால், மனுஷ ஈரலில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் கட்டி வளரும்.

“எடுக்கும்போது உடையக் கூடாது. உடைஞ்சா உயிருக்கே ஆபத்து.”

கெட்ட கறி ஒரு துண்டுகூட வெளியே போனதில்லை என்று மார்தட்டியவர் அவர். ஒதுக்கியதெல்லாம் கொல்லைக்குப் போனது. அங்கே அவர் மனைவி ‘சோம்பேறி’ என்று பெயர் வைத்து மடியில் போட்டுக் கொஞ்சிய நாய் படுத்திருந்தது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவருக்கு உட்காரப் பிடிக்கவில்லை. அந்தக் கட்டியின் தோல் எவ்வளவு மெல்லிசு என்று அவருக்குத் தெரியும். கத்தி நுனி உரசினால் போதும், தண்ணீர் முகத்தில் பீச்சும். அப்போதெல்லாம் சிரித்தபடி துடைத்துக்கொள்வார். இப்போது உள்ளே கத்தி வேறொருவர் கையில். அவருடைய விரல்கள் காற்றில் எதையோ உடையாமல் வழித்தெடுத்துக்கொண்டிருந்தன.

“மாமா, அந்த நாயை இன்னைக்கே தீர்த்துடறேன்” என்றான் மச்சினன்.

“வாயை மூடுடா. போட்டதைத் தின்னுச்சு. போட்டவன் இங்க நிக்கிறேன், என்னைத் தீர்த்துடு.”



கதவு திறந்தது. டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கினார்.

“முழுசா வந்துடுச்சு. உடையலை.”

கறிக்கடைக்காரரின் விரல்கள் அப்போதுதான் நின்றன.

“நாய்க்குப் பூச்சி மாத்திரை இருக்கு, கால்நடை டாக்டரைப் பாருங்க. இனி அந்த ஈரலை ஆழமா புதைங்க. சரி, நாயை வேற யார் தொடுவீங்க?”

மச்சினன் மாமாவைப் பார்த்தான். மாமா மச்சினனைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் வாங்க, ஸ்கேன் எடுத்துடலாம்.”

“நீங்க முதல்ல போங்க மாமா,” என்றான் மச்சினன். “பெரியவங்க.”

அவர் சட்டையைத் தூக்கிவிட்டுப் படுத்தார். ஈரமான கருவி விலா எலும்புக்குக் கீழே ஊர்ந்தது. இருவருமே மூச்சை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.