சந்தனம் வைத்த ஸ்பேனர்

ஜப்பான்காரன் காலத்தில் காஜா பெராங் என்ற ஊரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மோட்டார் வந்து விழுந்தது. படகின் பின்னால் மாட்டுகிற மோட்டார். பெட்ரோலில் எண்ணெய் கலக்காமல் எந்தப் புண்ணியவானோ ஓட்டியிருக்கிறான். பிஸ்டன் சூடேறி உள்ளேயே இறுகிப் பிடித்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் மெக்கானிக். ஆயுத பூஜையன்று சாயங்காலம் வருவேன், மோட்டார் ஓடினால் உன்னைச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்ப மாட்டேன் என்று ஜப்பான் அதிகாரி சொல்லிவிட்டுப் போனான். சயாமுக்குப் போனவன் எவன் திரும்பி வந்தான்?

அவர் பிளக்கைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் தேங்காயெண்ணெய் குடு புள்ள."

"சாமி விளக்குக்கு வச்சிருக்கறது அது ஒண்ணுதாங்க."

"குடு. சாமி இருட்டுல இருந்துக்கும்."

பிளக் துவாரத்தில் ஊற்றி ஊறவைத்தார். தினமும் காலையில் மேல்சக்கரத்தைத் திருப்பிப் பார்ப்பார். அசையாது.

பூஜையன்று ஸ்பேனர்களைக் கழுவி, சந்தனம் வைத்து, சாமி படத்தின் முன்னால் அடுக்கினார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்குச் சாமான் தொடக்கூடாது."

நான் விடவில்லை. "நல்லா இருக்குங்க உங்க நியாயம்! அடுத்த வருஷம் கும்பிட நீங்க இருக்க வேணாமா? எடுங்க!"

படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சந்தனத்தைத் துடைக்காமலேயே ஸ்பேனரை எடுத்தார். மேல்மூடியைக் கழற்றி, பிஸ்டன்மேல் ரப்பர் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினார். நான் சக்கரத்தை இப்படியும் அப்படியும் அசைத்தேன்.

"மெதுவா... மெதுவா... அடியே, நகருது!"

நான் அழுதுவிட்டேன். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் துடைத்து மாட்டி, தண்ணீர் பீப்பாயில் இறக்கி, கயிற்றை இழுத்தார். இருமி இருமிப் பிடித்துக்கொண்டு ஓடியது.

அதிகாரி வந்து தானே கயிற்றை இழுத்துப் பார்த்தான். அவர் தோளைத் தட்டி, "பாகுஸ், பாகுஸ்!" என்று மலாயில் மெச்சினான். பிறகு சிரித்துக்கொண்டே, சயாம் ஆற்றில் நிறையப் படகுகள் கெட்டுக் கிடக்கின்றன, இவ்வளவு நல்ல கையை இங்கே விட்டுவைக்க முடியாது என்றான். பாவி! ரயில் பாதைக்கு அனுப்ப மாட்டேன் என்றுதானே சொன்னானாம், ஆறு வேறாம். சட்டை மாற்றக்கூட விடவில்லை. மோட்டாரோடு அவரையும் ஸ்பேனர்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு லாரி போய்விட்டது.

அடுத்த ஆயுத பூஜைக்கு விளக்குக்கு எண்ணெய் இருந்தது. சாமி முன்னால் வைக்கத்தான் சாமான் இல்லை. கொல்லையில் அந்த ரப்பர் மரக்கட்டை மட்டும் கிடந்தது. அதைக் கழுவி, சந்தனம் வைத்து, படத்தின் முன்னால் வைத்தேன். கும்பிடக் கை வரவில்லை.