அண்ணை கேட்ட மீன்

ஆற்றோரப் பூங்காவில் பிள்ளைகளோடு நடந்தபோது ஈரச் சேற்றில் அழுகிய இலைகளின் வாசம் மூக்கில் ஏறியது. உடனே நினைவில் வழுக்கையாற்றங்கரைக்குப் போய்விட்டேன்.

மாரிமழைக்கு மட்டும் ஓடுகிற எங்கள் ஒரே ஆறு அது. யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற இயக்கத்திடம் அனுமதிப் பாஸ் எடுக்கவேண்டியிருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு காட்டுகிறேன் என்று அப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றினார். அண்ணை வரவில்லை. சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு, "எனக்கொரு மீன் பிடிச்சுக்கொண்டு வா" என்று ஜாம் போத்தலொன்றைத் தந்தார்.

முழங்காலளவு மண்ணிறத் தண்ணீரும், வரம்பில் நின்ற கொக்குகளும், தாழம்புதருக்குள் ஓயாத தவளைச் சத்தமும், வாழையிலையில் சுற்றிய பாணும் சம்பலுமாகப் பொழுது போக, வீட்டுக்குப் போவோம் என்று நான் கேட்டபோதெல்லாம் அப்பா, "இன்னும் கொஞ்சம் விளையாடு" என்றார்.

பின்னேரம் போத்தலில் மீனோடு வீட்டுக்குள் ஓடினேன். அண்ணை இல்லை. பாஸ் இல்லாமல் களவாகப் படகேறிக் கொழும்புக்குப் போகப் புறப்பட்டுவிட்டாராம்.

"உனக்குச் சொன்னா ஊரெல்லாம் சொல்லிப்போடுவாய்" என்றார் அம்மா.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. போத்தலைத் தந்தவருக்கும்.

வீட்டிலேயே நிற்கிறேன் என்று இன்று காலை எவ்வளவோ கெஞ்சிய மூத்தவனை நான் விடவில்லை; நாங்கள் திரும்புவதற்குள் வீட்டில் என்ன நடந்து முடிந்திருக்கும் என்று அவனுக்கும் சொல்லவில்லை.