நாற்பத்தொன்பது வயதில் ஹாஸ்டல் பெட்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் நீல நிற பக்கெட் ஒன்று வாங்கினேன்.

"ஹாஸ்டலுக்கா, அக்கா?" என்றார் பிளாஸ்டிக் சாமான் விற்கிற பாய். என் பக்கத்தில் நின்ற மகள் அபியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

"ஆமா பாய்."

"ஹாஸ்டல்ல மொதல்ல காணாப் போறது பக்கெட்டுதான். பெயின்ட்ல பேரு எழுதித் தரேன். இன்னா பேரு?"

"என் பேரு தனலட்சுமி."

"உங்க பேரு இல்லக்கா... படிக்கப் போற பாப்பா பேரு."

"அந்தப் பாப்பா நான்தான் பாய்."

பிரஷ் அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். அபியைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த நொடி அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் டி-ஷர்ட் விற்றுக்கொண்டிருந்தவர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். "நல்லாப் படிங்கக்கா!" என்று என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூ வேறு வரைந்து கொடுத்தார்.

ஆமாம். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் வீட்டு விஷயம் எல்லாவற்றையும் கொட்டுகிற நான், இதை மட்டும் மறைத்துவிட்டேன். சீட் கிடைக்காமல் போனால் மானம் போய்விடுமே! கிடைத்துவிட்டது. திருச்சியில் ஒரு கல்லூரி. எம்.ஏ. வரலாறு. ரெகுலர். ஹாஸ்டலில் தங்கி!

என் பி.ஏ. தபால் வழி. அபி தொட்டிலில் தூங்கும் நேரத்தில் படித்தது. கல்லூரி என்ற கட்டடத்துக்குள் நான் நுழைந்ததெல்லாம் பரீட்சை எழுத மட்டும்தான். அபியும் திருச்சியில்தான், இன்ஜினீயரிங் கடைசி வருடம், வேறு கல்லூரி; லீவுக்கு வந்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்னம்மா, என்னை வேவு பாக்க வரியா?"

கல்லூரியிலிருந்து இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல். இன்னொன்று... பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதக் கடிதம்.

ஆபீசுக்குப் போன் போட்டேன். "எனக்கு நாற்பத்தொன்பது வயசுங்க."

"எல்லாருக்கும் ஒரே ஃபார்ம்தான் மேடம். வீட்ல யாராவது கையெழுத்துப் போட்டாப் போதும்."

வீட்டில் யாராவது என்றால் என் கணவர்தான். ஊரை ஒட்டியிருக்கிற மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், சரக்கு பேக் செய்து லாரியில் ஏற்றி அனுப்புகிற செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறார். நான் விண்ணப்பம் போட்டபோது "போடேன்" என்றவர், ஃபார்மை நீட்டியபோது "வெச்சிட்டுப் போ, பாக்கறேன்" என்றார்.

டிவி ரிமோட்டுக்கு அடியில் வைத்தேன். தினமும் வேலை முடிந்து வருவார். ரிமோட்டை எடுப்பார். ஃபார்மைப் பார்ப்பார். டிவியை அணைத்ததும் ரிமோட்டை மறுபடி அதன் மேலேயே வைப்பார். ஒரு வாரம் இப்படியே ஓடியது.

பதினேழு வயதிலும் எனக்கு இதே மாதிரி ஒரு ஃபார்ம் வந்தது. சென்னையில் கல்லூரி, ஹாஸ்டல். அப்பா கையெழுத்துப் போடவில்லை. திட்டவில்லை, கத்தவில்லை. "இங்கயே படிக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அப்புறம் இங்கேயும் படிக்க வைக்கவில்லை.

கணவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் பதில் வந்துவிடுமே! அதனால் கேட்காமல் பெட்டியை மட்டும் அடுக்கினேன்.

பக்கெட் வாங்கிவந்த அன்று மதியம், அபி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்து அலறினாள்.

"குக்கர் எதுக்கும்மா? ஹாஸ்டல் ரூம்ல அடுப்பே கெடையாது!"

"இருக்கட்டுமேன்னு..."

"ஊறுகா நாலு பாட்டில்?"

"ரூம்மேட்டுக்கும் சேத்துதான்."

"பேரே தெரியாத ரூம்மேட்டுக்கா? இது இன்னா... காய்ச்சல் மாத்திர, சுளுக்கு எண்ண, கட்டுத் துணி. நீ படிக்கப் போறியா, ஆஸ்பத்திரி வைக்கப் போறியா?"

ஒவ்வொன்றாகக் கட்டிலில் எடுத்துப் போட்டாள். கடைசியில், அடியில் துண்டில் சுற்றி வைத்திருந்ததை வெளியே இழுத்தாள். கேஸ் புக். ரேஷன் கார்டு.

"அம்மா!"

"உங்கப்பா தொலைச்சிடுவாருடி."

அபி கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "சரி... இதுல உன்னோடது எதும்மா?"

குனிந்து பார்த்தேன். ஓரமாக இரண்டு புடவைகள், ஒரு நைட்டி. அவ்வளவுதான். ஒரு நோட்டு இல்லை. ஒரு பேனா இல்லை. படிக்கப் போகிறவள் நான்!

உங்களில் எத்தனை பேர் இப்படி? ஊருக்குப் போகிற பெட்டியில் பிள்ளைக்கு ஸ்வெட்டர், கணவருக்கு மாத்திரை, நாத்தனாருக்கு முறுக்கு என்று எல்லாம் வைத்துவிட்டு, மிச்சமிருக்கிற சந்தில் நம் துணியைச் செருகுவோம். தனியாகப் போகும்போதும் கை அந்தப் பழக்கத்தை விடுகிறதா?

நிமிர்ந்தால், வாசற்படியில் கணவர்.

உள்ளே வந்தார். "ரேஷன் கார்டக் குடு" என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தொலைக்க மாட்டேன்." பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "இப்படி அடுக்குனா எந்தப் பொட்டியும் மூடாது. நவுரு."

இருபது வருடத்துக்கு மேல் பேக்கிங் பார்த்த கை! புடவைகளைச் சுருட்டி வரிசையாக நிறுத்தினார். எண்ணெய் பாட்டிலைத் துண்டுக்குள் உருட்டி நடுவில் வைத்தார். "இன்னும் ஆறு பொடவ கொண்டா. அந்த மயில் கலரும் எடுத்துக்க" என்றார். அப்புறம் எழுந்து போய், தன் ஆபீஸ் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்து நீட்டினார். உள்ளே கோடு போட்ட ஐந்து பெரிய நோட்டுகள். ஒரு டப்பா நிறைய பேனா.

"எப்பங்க வாங்குனீங்க?"

"புதன்கெழமை."

அபிதான் பட்டென்று கேட்டாள். "அப்ப ஏம்பா இன்னும் கையெழுத்துப் போடல?"

அவர் நோட்டுகளைப் பெட்டியில் வைத்தார். ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தார். "போட்டா உங்கம்மா போயிடுவா இல்ல?"

என் பக்கம் திரும்பினார்.

"வேணாம்னு சொல்ல வரல, தனம். கதவத் தொறந்தா வீட்ல ஆளில்லன்னு எனக்கு ஒருநாளும் இருந்ததில்ல. அதான்... ஒரு வாரம் ஓட்டிப் பாத்தேன்." அபியிடம் திரும்பினார். "அந்த ரிமோட்டுக்குக் கீழ இருக்கறத எடுத்துட்டு வா."

நோட்டோடு வந்த புதுப் பேனாவில் ஒன்றைப் பிரித்து, காகிதம் கிழிந்துவிடும் போல அழுத்திக் கையெழுத்துப் போட்டார். கீழே 'லோக்கல் கார்டியன்' என்று இன்னொரு இடம் காலியாக இருந்தது. திருச்சியில் எங்களுக்கு யாரைத் தெரியும்? அபி பேனாவைப் பிடுங்கினாள். பெயர் எழுதினாள். உறவுமுறை என்ற இடத்தில் கொட்டை எழுத்தில்: மகள்.

"இனிமே நீ லேட்டா வந்தா வார்டன் எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. ஜாக்கிரத!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வாரமாக எங்கள் வீட்டில் கேட்காத சத்தம் அது. நிபுணரே அடுக்கியும் பெட்டி மூடவில்லை. 'எடுத்துக்க, எடுத்துக்க' என்று அவரேதான் சேர்த்துக்கொண்டே போனாரே! கடைசியில் மூன்று பேரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, ஜிப்பை இழுத்து மூடினோம்.

போன வாரம் திருச்சிக்கு வந்துசேர்ந்தேன். ரூம்மேட் கௌசல்யா, பெரம்பலூர்ப் பெண், இருபத்தோரு வயது. அவள் அம்மா அப்பா கிளம்பிப் போனதும் தேம்பித் தேம்பி அழுதாள். ஆறுதல் சொல்லலாம் என்று பார்த்தால் என் வாய் இளித்தபடியே நிற்கிறது. நான் என்ன செய்ய?

"ஆன்ட்டி, உங்களுக்கு அழுகையே வரலையா?"

"வருதும்மா. ஆனா சிரிப்பு முந்திக்குது."

அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

அன்று மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்ததும் வீட்டிலிருந்து போன்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க. ஆனா சாம்பாரா அது? பருப்பத் தேடிப் புடிக்கணும். உப்பும் இல்ல. பொரியல் ஒரே தண்ணி."

"அய்யய்யோ, அப்ப அரைப்பட்டினியா?"

"இல்லீங்க. ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டேன்."

நறுக்கவில்லை, தாளிக்கவில்லை, பரிமாறவில்லை. உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்டுவிட்டுக் குறை மட்டும் சொன்னேன். அடேயப்பா... இருபத்து நான்கு வருடமாக என் வீட்டில் மற்றவர்கள் எவ்வளவு சுகமாக இருந்திருக்கிறார்கள்!