நீர்த்தாங்கி என்று நான் வரைந்த விமானம்

விமானத்தை முதலில் கண்டவன் நான்தான். கண்டது மட்டுமல்ல, அதன்மேல் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக் கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டு, கையையும் அதிலேயே துடைத்தேன். அது விமானம் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

நான் நில அளவையாளன். பல்லேகமவுக்கு மேலே மலையில் எல்லைக்கல் தேடிப் போன நாள் அது. பாசி படிந்து, பாதி மண்ணுக்குள் புதைந்து, உருண்டையாக, பெரிதாக ஒரு தகரச் சாமான் கிடந்தது. பக்கத்திலே கைவிட்ட ஏலக்காய்த் தோட்டம். ஏலத்துக்குத் தண்ணீர் விட்ட தாங்கியாக்கும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, பிளானில் ‘பழைய நீர்த்தாங்கி’ என்று எழுதினேன். இடத்தை மட்டும் அங்குலம் பிசகாமல் குறித்தேன். அளப்பதில் நான் கெட்டிக்காரன்.

நாலு வருடம் கழித்து, யுத்தம் சற்று ஓய்ந்திருந்த காலத்தில், கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரர் அதே மலையின் மறுபக்கம் வேலைக்குப் போனார். மாத்தளை டவுனில் பரம்பரையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம், என்னைவிட ஐந்து வயது இளையவர், எனக்கு நல்ல கூட்டாளி. அதுதான் கொடுமை. ஊர்பேர் தெரியாத எவனோ பெயர் வாங்கியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அங்கே காட்டை வெட்டிப் பயிர் போட்ட சேனை ஒன்றின் காவல் குடிலுக்குக் கூரையாகக் கிடந்த தகட்டைப் பார்த்து, “இது என்ன?” என்று குடில்காரரிடம் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த சாதனை. வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டையில் விழுந்த விமானத்தின் சிறகு என்றாராம் குடில்காரர். ஊரில் எல்லோருக்கும் தெரியுமாம்.

கொழும்பிலிருந்து, பழம்பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலை ஆட்கள் வந்தார்கள். குடில்காரருக்குப் புதுத்தகரம் போட்டுக் கொடுத்துவிட்டு, சிறகைக் கம்புகளில் கட்டி இறக்கினார்கள். பத்திரிகையில் கூட்டாளியின் படம். தொலைக்காட்சியிலும் வந்தார். பலாபத்வலவில் பஸ் ஏறியபோது கண்டக்டர் அவருக்குக் கை கொடுத்தான். பின்னாலேயே நான் கை நீட்டினேன்; எனக்கு டிக்கட் கொடுத்தான்.

வீட்டிலும் விடவில்லை. “நீங்களும் அந்த மலைக்குத்தானே போனீங்க? ஒண்ணும் ஆம்புடலியா?” என்றாள் மனைவி.

“அட்டைக் கடிதான் ஆம்புட்டுச்சு” என்றேன்.

சிறகு கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. நூதனசாலைக்காரர்கள் இரண்டு தடவை காட்டில் தேடிவிட்டு, அட்டை கடித்த கால்களோடு திரும்பினார்கள். உடல் இல்லாவிட்டால் சிறகு ஏதாவது களஞ்சிய மூலையில்தான் கிடக்கும் என்று கூட்டாளி கவலைப்பட்டார். தேநீர் நேரத்தில் எல்லோருக்கும் கையை விரித்துக் காட்டினார்.

“உருண்டையா இருக்குமாம். தூரத்துல பாத்தா பெரிய தண்ணி டாங்கி மாதிரி.”

நான் குடித்த பிளேன்டீ மூக்கு வழியாக வந்தது.

“என்ன மச்சான், வெசம் வச்சிட்டாங்களா?”

“இஞ்சி... இஞ்சி கூடிப்போச்சு” என்று மழுப்பிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டேன். உள்ளே வைத்து என்னை நானே விசாரித்தேன். போர் விமானத்தைக் கண்டும் தண்ணீர்த் தாங்கி என்று அரசாங்கப் பிளானில் எழுதிய தமிழன்! மறைத்தாயா, யாருக்காக மறைத்தாய் என்று கேட்டால்? கருவாட்டுக் குழம்புக்காக என்றா சொல்வேன்? அரை மணி நேரத்தில் வேலை போனது, பென்சன் போனது, பூசா தடுப்பு முகாமிலிருந்து மனைவிக்குக் கடிதமும் எழுதிவிட்டேன். வெளியே யாரோ கதவைத் தட்டியதும், “நான் இல்ல!” என்று கத்தினேன். தட்டியது கந்தோர்ப் பியோன், அவசரம் அவனுக்கு.

பயத்தால் ஒரு நாள் வாய் மூடியிருந்தேன். அடுத்த ஐந்து நாளும் மூடியிருந்ததற்குப் பயம் காரணமில்லை. கூட்டாளி தானே தேடப் போய், மூன்றாவது தடவையும் வெறுங்கையோடு காட்டிலிருந்து வந்தபோது எனக்குச் சோறு இரட்டிப்பாக இறங்கியது. அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆறாம் நாள் அவர் என் மேசையில் உள்ளங்கை அகலத் தகட்டுத் துண்டு ஒன்றை வைத்தார். யட்டவத்தப் பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்ததாம். ஒரு பக்கம் பாசி. ஓரத்தில் இரும்பறுக்கும் வாளால் அறுத்த பளபளப்பு.

“நமக்கு முந்தி எவனோ கண்டுட்டான் மச்சான். இந்தக் கெழமக்குள்ள முழுசையும் அறுத்து வித்துருவானுங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். குரல் உடைந்திருந்தது. எழுந்து போய்ப் பிளானைக் கொண்டுவந்து விரித்தேன். அவர் விரல் நீர்த்தாங்கியில் வந்து நின்றது.

“இது எப்ப?”

“நாலு வருஷமாச்சு.”

“அப்ப மொதல்ல கண்டது நீங்க!”

“ஐயோ, மெதுவாப் பேசுங்க!”

மேசை ஆடச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மச்சான். நானே தேடிப் புடிச்சேன்னு சொல்லிர்றேன், ஒங்க பேர் வராது. இல்லாட்டி நீங்க மொதல்ல கண்டதையும் சொல்றேன், டாங்கின்னு எழுதினதையும் சொல்றேன். பாதிய மட்டும் சொல்ல ஏலாது.”

வேலை, பென்சன், மானம் எல்லாம் ஒருமுறை கண் முன்னால் வந்தன. அவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு, பத்திரிகையில் மறுபடியும் அவர் மட்டும் நிற்கும் படம் வந்தது.

“ரெண்டையும் சொல்லுங்க” என்றேன்.

மறுநாள் காலை கூட்டாளியையும் நூதனசாலை ஆட்களையும் பத்திரிகைக்காரரையும் நேராக அந்த இடத்துக்கே கூட்டிப்போனேன். ஒரு பக்கத்தில் கதவளவு அறுத்திருந்தார்கள். மிச்சம் முழுசாக இருந்தது. கூட வந்த நூதனசாலைப் பெண் யாரையும் சுரண்ட விடாமல், பாசியைத் தூரிகையால் மெல்ல நீக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் கட்டினாள். பிளானில் இருந்த எழுத்தைக் கேட்டுச் சிரித்தாள். வேலை ஒன்றும் போகவில்லை. படம் பிடிப்பவர் கமெராவைத் தூக்கியதும் நான் சீப்பை எடுத்துத் தலை வாரி முன்னால் நின்றேன். கூட்டாளி வரவில்லை. அறுத்த ஓட்டை வழியாகக் குனிந்து, உள்ளே நசுங்கிக் கிடந்த இருக்கைச் சட்டத்தில் கை வைத்திருந்தார்.

“இதுல இருந்தவனுக்கு எத்தின வயசு இருந்திருக்கும் மச்சான்?” என்றார். “சின்னப் புள்ளயாத்தான் இருந்திருப்பான்.”

இந்த ஒரு கிழமையாக எனக்குத் தோன்றாத அசிங்கமில்லை. இது மட்டும் தோன்றவில்லை. இதிலும் அவர் முந்திவிட்டார் என்று எனக்கு வயிறு எரிந்தது. கமெராக்காரர், “சேர், இங்க பாருங்க” என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. கூட்டாளிக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் குனிந்து உள்ளே பார்த்தேன்.