ரதிதேவியின் கடை இலோகானோ

சான்ட்ரிங்ஹாமில் ரதிதேவியின் மளிகைக் கடையில் பாகற்காய்கூட இலோகானோ பேசும் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அந்த வடபிலிப்பைன்ஸ் மொழியைக் கடைக்குள் கொண்டுவந்தவர் ரொசாரியோ. எழுபது தாண்டிய பெண்மணி. செவ்வாய்தோறும் மகள் மாரிசெல் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவாள். அவருக்கு ஆங்கிலம் ஏறவில்லை. ரதிதேவியின் ஆங்கிலமோ தவணைமுறையில்தான் வரும்.

ஆகவே ஒரு பாகற்காயைத் தூக்கிப் பிடித்து, "மானோ தாய்தோய்?" என்பார் ரொசாரியோ. இது என்ன விலை என்று பொருள். ரதிதேவி விரல் காட்டுவாள். "நங்கினா உனாய்!" கொள்ளை விலை என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரிசிமூட்டையில் சாய்வார். அந்த நடிப்புக்கு ஒரு பிடி பச்சைமிளகாய் இனாம். அக்காவுக்கு மனாங், நன்றிக்கு அக்யாமனாக், இல்லை என்பதற்கு அவான். எல்லாம் பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் ஏறின.

"எங்கட சனத்துக்கு ஒழுங்கா முகம் குடுக்கமாட்டாய். உவவைக் கண்டா மட்டும் பல்லெல்லாம் தெரியுது," என்பார் கணவர் சோதிலிங்கம்.

"உங்களுக்கு நாப்பது வருசமாக் காட்டின பல்லுத்தானேப்பா. கொஞ்சம் அவவும் பாக்கட்டும்."

கடையில் 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது என்று வளர்ந்தவள் ரதிதேவி. உப்பே தீர்ந்தாலும், "நாளைக்கு வரும்" என்றுதான் சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை, வழக்கத்துக்கு மாறாக, ரொசாரியோ மூச்சிரைக்க வந்து முருங்கையிலை கேட்டார். பிரீசரில் கடைசிப் பொதி ஒன்று இருந்தது. இரவு தேங்காய்ப்பூ போட்டு வறை செய்யவென்று ரதிதேவி அதை மீன் பொதிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். தமிழில் என்றால் நாக்குத் தடுக்கியிருக்கும். இரவல் சொல்லுக்கு ஏது பாரம்?

"அவான், மனாங்," என்றாள், சிரித்துக்கொண்டே.

சொல்லிக்கொடுத்தவர், நன்றாய்ச் சொன்னாய் என்பதுபோல் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அன்றிரவு வறை ருசியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

பிறகு மூன்று செவ்வாய்கள் அவர் வரவில்லை. நாலாவதில் மாரிசெல் மட்டும் வந்தாள். அப்பா அந்தச் சனிக்கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாராம். ஒன்றும் சாப்பிடவில்லை; முருங்கையிலைச் சாறு மட்டும் கேட்டாராம். எங்கும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை போய்விட்டார். அம்மா ஊருக்கே திரும்பிவிட்டார்.

"உங்களைத்தான் எப்போதும் கேட்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொல்லி, வீடியோவில் அழைத்துக் கொடுத்தாள்.

திரையில் ரொசாரியோ மெலிந்திருந்தார். ஆனாலும் ஒரு பூனையைத் தூக்கிப் பிடித்து, "மானோ தாய்தோய்?" என்றார்.

ரதிதேவியிடம் விலைக்கும் நிறைக்கும் சொல் இருந்தது. மன்னிப்புக்கு இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற மகளிடம் ஆங்கிலத்தில் சொல்லித் தெரிவிக்கலாம். அதற்குத் துணிவு வரவில்லை.

"அக்கா, அண்டைக்கு இலை இருந்தது. எனக்கெண்டு எடுத்து வச்சனான். பொய் சொல்லிப்போட்டன்," என்றாள், தமிழிலேயே.

"வென், வென்," ஆமாம் ஆமாம் என்று ரொசாரியோ தலையாட்டிச் சிரித்தார்.

"என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டாள் மாரிசெல்.

சுகம் விசாரித்தேன் என்றாள் ரதிதேவி.